இந்தக் காலாண்டில் நாம் படித்த நூல்கள்

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய கமக்காரக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் முகாமிலும் வாடகை வீட்டிலும் வளர்ந்தவர்கள். செம்பாட்டு மண்ணில் வெங்காயம் நட்ட கதையைக் கேட்டிருக்கிறார்களே தவிர, நட்டதில்லை. அவர்களை மனதிற்கொண்டே இம்முறை இரு நாவல்களைப் படித்தோம்.

அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வெளிவந்தது. வன்னியின் தண்ணிமுறிப்பில் காடும் வயலுமாய் வாழ்ந்தவர்களின் கதை. காதற் பகுதியிலும் பார்க்க, காட்டையும் தொழிலையும் சொல்லும் பக்கங்களே எம்மைக் கவர்ந்தன.

கே. டானியலின் 'கானல்' கசக்கும். எம்போன்ற குருமாருக்குக் கூடுதலாகவே. ஒடுக்கப்பட்ட மக்கள் விடுதலையை நம்பிக் கிறிஸ்தவத்தில் சேர்ந்தும் சாதி அவர்களை விடவில்லை என்கிறது. போருக்குப் பின் வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது உறுதி வைத்திருந்தோர் திரும்பினர். பிறர் தோட்டத்தில் கூலிக்கு உழைத்தோருக்குத் திரும்பிப் போக ஒரு துண்டு நிலமும் இருக்கவில்லை. காணி பற்றிக் கூட்டம் கூடுவோர் இந்நூலை முதலில் வாசிப்பது நல்லது.

வாசிக்கும் முறை இது: ஞாயிறு மாலை ஒருவர் உரத்து வாசிக்க, வீட்டார் கேட்கட்டும். ஒரு மணித்தியாலம் போதும். விளங்காத தொழிற்சொற்களைப் பிள்ளைகள் கிழமை நாட்களில் அப்பப்பா, அம்மம்மாவிடம் கேட்டுக் கொப்பியில் எழுதட்டும். அறுவடை வாரங்களில் விட்டுவிடலாம், குற்றமில்லை. நூல் வாங்க வசதியில்லாதோர் 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இலவசமாக உள்ளன, கைத்தொலைபேசியிலேயே வாசிக்கலாம்.