சாவு வீட்டுத் தொழிலும் ஜாமீன் பணமும்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும் பாதிரியார்களும் வழக்கறிஞர்களும் நினைவுக்கு வருவார்கள். ஊருக்கு ஊர் அவர்களுக்குப் பக்கத்தில் இன்னொருவரும் இருந்தார்: சவ அடக்க நிலையம் நடத்தியவர். அவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், அலபாமாவின் ஏ.ஜி. கேஸ்டன் கதையைத்தான் நான் சொல்வேன்.

கேஸ்டன் 1892இல் டெமோபோலிஸ் என்ற ஊரில் பிறந்தவர், அடிமையாக இருந்தவர்களின் பேரன். முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பியதும் பர்மிங்ஹாம் பக்கம் சுரங்க வேலையில் சேர்ந்தார். அம்மா சமைத்துக் கொடுத்த மதியச் சாப்பாட்டை உடன் வேலை செய்தவர்களுக்கு விற்றார். சம்பளத்துக்கு முன் கை வறண்டவர்களுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தார். அங்கேதான் ஒன்றைக் கவனித்தார். புருஷனைப் பறிகொடுத்த பெண்கள், அடக்கச் செலவுக்காகச் சுரங்கத்திலும் தேவாலயத்திலும் கையேந்தி நின்றார்கள்.

1923இல் அவர் ஓர் அடக்கச் சங்கம் தொடங்கினார். வாராவாரம் சில்லறைக் காசு கட்டிவந்தால் போதும். வீட்டில் சாவு விழுந்தால் மற்றதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். பிறகு முதல் மனைவி கிரியோலாவின் அப்பா ஸ்மித்துடன் கூட்டுச் சேர்ந்து ‘ஸ்மித் அண்ட் கேஸ்டன்’ அடக்க நிலையத்தை நடத்தினார். கிரியோலா இறந்த பின் மணந்த மின்னி, கேஸ்டன் நிறுவிய வணிகக் கல்லூரியைப் பல ஆண்டுகள் நிர்வகித்தார். சங்கம் காப்பீட்டு நிறுவனமாயிற்று, சேமிப்பு வங்கியும் வந்தது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். இனப் பிரிவினைக் காலத்து அமெரிக்கத் தெற்கில் செத்த உடம்பையும் நிறம் பார்த்துத்தான் தொட்டார்கள். அதனால் கறுப்பினத்தவர் வீட்டுச் சாவு கறுப்பினத்தவர் நடத்திய நிலையத்துக்கே வந்தது. போராட்டத்தில் சேர்ந்த ஆசிரியரைக் கல்வி வாரியம் வேலையிலிருந்து நீக்கலாம். குத்தகை விவசாயியை நிலக்காரர் விரட்டலாம். அடக்க நிலையக்காரருக்குச் சோறு போட்டது அவருடைய சொந்த மக்கள். வெள்ளைக்காரர் கோபித்துக்கொண்டாலும் அவர் கல்லா காலியாகிவிடாது. அந்த ஊர்களில் இப்படி ஒரு நிலை வாய்த்தவர்கள் மிகக் குறைவு.

1955இல் சிகாகோவில் நடந்ததைப் பாருங்கள். மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் உடல், திறக்கவே கூடாது என்ற நிபந்தனையோடு மூடிய பெட்டியில் வந்தது. திறந்தே ஆகவேண்டும் என்று தாய் மேமி பிடிவாதமாக நின்றார். அடக்க நிலையம் நடத்திய ஏ.ஏ. ரேய்னர் திறந்தார். சிதைந்த முகத்தை ஊர் பார்க்கட்டும் என்றார் தாய். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்தார்கள். ரேய்னர் மறுத்திருந்தால் அந்தப் பெட்டி மூடியபடியே மண்ணுக்குள் போயிருக்கலாம்.

கேஸ்டன் இவ்வளவு துணிந்து இறங்குபவர் அல்ல, பேசித் தீர்க்கலாம் என்று நம்பியவர். 1963இல் பர்மிங்ஹாமில் போராட்டக்காரர்கள் பிள்ளைகளை ஊர்வலத்தில் இறக்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த மே மாதம், ஒரு வெள்ளை வழக்கறிஞரிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர், கெல்லி இங்ராம் பூங்காவில் தீயணைப்புக் குழாயின் தண்ணீர் ஒரு சிறுமியை அடித்துத் தள்ளுவதை அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்தார். பேச்சை அங்கேயே முறித்துக்கொண்டார். சில நாளில் மார்ட்டின் லூதர் கிங் மறுபடி சிறைக்குப் போனபோது ஜாமீன் பணத்தைக் கட்டியவர் இவர்தான். கிங்கும் தோழர்களும் கூடித் திட்டமிட்டதும் இவர் நடத்திய மோட்டலின் 30ஆம் எண் அறையில். அதே மாதம் அந்த மோட்டலில் குண்டு வெடித்தது.

மிதவாதி என்று இவரைச் சாடியவர்கள் அன்றும் இருந்தார்கள். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. ஆனாலும் சிறை நிரம்பி வழிந்த நாளில் பணத்தோடு ஒருவர் ஊரிலேயே இருந்ததும், கூடிப் பேச ஓர் அறை இருந்ததும் சின்ன விஷயங்கள் இல்லை. அந்தப் பணத்தின் ஊற்று, ஏழை வீடுகள் வாராவாரம் கட்டிய சில்லறைக் காசு. கேஸ்டனும் அதை மறந்தவராகத் தெரியவில்லை. 1987இல் காப்பீட்டு நிறுவனத்தை அதன் மதிப்பில் ஒரு சிறு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு தன் ஊழியர்களுக்கே விற்றார். 1996இல் இறந்தபோது அவருக்கு வயது 103.