ஐம்பது காசில் ஒரு ராஜபவனி!

மகர்பட்டா சிட்டி, அமனோரா, அடுக்கடுக்காக ஐ.டி. கட்டடங்கள், சோலாப்பூர் ரோட்டில் நகராமல் நிற்கும் வண்டிகள்... புணேயின் ஹடப்சர் என்றதும் கண்ணில் வருவது இவைதான். இங்கே வேலை பார்க்கும் நம்மவர்களின் போனில் பொழுது விடிந்தால் ‘குட் மார்னிங்’ மழைதான்! அதே ஹடப்சரிலிருந்து ஐம்பது காசு தபால் கார்டு ஒன்று பாளையங்கோட்டையில் இருக்கும் ஆச்சிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போகிற வழியில் நடக்கும் கூத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் நீங்களே பேனாவைத் தேடுவீர்கள். வாங்க, கார்டின் கூடவே போவோம்!

நோட்டுக்குத்தான் முதல் குத்து

தபால் நிலையத்தில் காலையில் நடக்கும் முதல் வேலை எது தெரியுமா? முத்திரையில் தேதியை மாற்றுவது! குட்டிக் குட்டி எழுத்துகளைக் கழற்றி, அன்றைய தேதிக்கு மாற்றி மாட்டுகிறார்கள். மாட்டியதும் நேரே கடிதத்தில் குத்திவிட மாட்டார்கள். முத்திரைக்கென்றே ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. முதல் குத்து அதில்தான். தேதி சரி, எழுத்து தெளிவு என்று பார்த்த பிறகுதான் நம் கார்டுக்கு முறை வரும். ஐம்பது காசு கார்டுக்கு இப்படி ஒரு ஒத்திகை! எனக்கு இதைக் கேட்டதிலிருந்து தலைகால் புரியவில்லை.

பெட்டியிலிருந்து வந்த கடிதங்களை மேசைமேல் கொட்டுகிறார்கள். நீலத்தில் இன்லேண்ட், மஞ்சளில் கார்டு, பழுப்பில் கவர். எல்லாவற்றையும் முகம் ஒரே பக்கம், ஸ்டாம்ப் ஒரே மூலை என்று திருப்பி அடுக்குகிறார்கள். காலைப் பிரேயரில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி அத்தனையும் ஒரே வரிசை! அடுக்கினால்தான் கை நிற்காமல் ஓடும். மையில் ஒன்று, கார்டில் ஒன்று. டக், டக், டக்!

ஆறே எண்ணில் அடங்கும் ஊர்

இனி பிரித்தல். சுவரோடு சின்னச் சின்ன அறைகளாக மரத்தட்டு. கை தானாக நீளும், கார்டு சரியான அறையில் போய் விழும். அந்தக் கைக்கு வழி சொல்வது பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. தந்தவர் யார் தெரியுமா? ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற மராட்டியர். தகவல் தொடர்பு அமைச்சகத்தில் அதிகாரி, கூடவே சமஸ்கிருதக் கவிஞர். ஒரே பெயரில் பல ஊர், ஆளுக்கொரு மொழியில் முகவரி என்று திண்டாடிய நாட்டுக்கு அவர் ஆறு எண்ணில் வழி செய்தார்.

ஹடப்சருக்கு 411028. முதல் 4 மேற்குப் பக்கம், 411 புணே, கடைசி மூன்றும் ஹடப்சர் தபால் நிலையம். ஆச்சியின் பாளையங்கோட்டைக்கு 627002. 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். 627 திருநெல்வேலி. தெருப் பெயர் எந்த மொழியில் இருந்தாலும் எண் சரியாக இருந்தால் கார்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

பிறகு கட்டு, கட்டின்மேல் சீட்டு, கட்டெல்லாம் பைக்குள், பையின் வாயைக் கட்டி முத்திரை. ஆர்.எம்.எஸ். என்று நாம் ரயில் நிலையங்களில் பார்க்கும் பலகை இருக்கிறதே, அந்த ரயில்வே தபால் பிரிவில் பை திறக்கும், பிரியும், மறுபடி மூடும். கைமாறிக் கைமாறி ஆச்சியின் ஊர்.

அங்கே நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தபால்காரர் கிளம்புமுன் தன் கடிதங்களைத் தான் நடக்கப்போகும் வரிசையில் அடுக்கிக்கொள்கிறார். முதல் தெரு, முதல் வீடு, திருப்பம், எதிர்வரிசை என்று அவருடைய பீட் முழுவதும் அந்தக் கட்டுக்குள் இருக்கும். ஆச்சியின் கார்டு தன் முறைக்காக நடுவில் எங்கோ காத்திருக்கும்!

முகவரி தவறினால்? அதற்கும் ஆள் இருக்கிறார்கள்! உரியவரும் கிடைக்காமல், அனுப்பியவரும் தெரியாமல் நிற்கும் கடிதங்கள் ‘ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸ்’ போகின்றன. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்பது தபால் துறையின் உயிர்நாடி. அங்கேயோ, அனுப்பியவர் முகவரி உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பிரிக்கலாம்.

இருப்பது ஒன்றே ஒன்று

இவ்வளவு பாடு எதற்கு? ஆச்சியின் கார்டுக்கு நகல் கிடையாது. தொலைந்தால் தொலைந்ததுதான். போனில் வந்த செய்தியை நூறு பேருக்கு அனுப்பலாம், அழித்துவிட்டு மறுபடி கேட்கலாம். இந்தக் கார்டில் இருப்பதோ ஒருத்தர் ஒருத்தருக்காக உட்கார்ந்து எழுதியது. மேலே பிள்ளையார் சுழி, அடித்துத் திருத்திய சொல், இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதிய இரண்டு வரி... எல்லாமே அவருக்கு மட்டும். அதை இத்தனை கைகள் தாங்கிக்கொண்டு போகின்றன என்று நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது!

இந்தப் புணேக்கும் தமிழ்க் கடிதத்துக்கும் பெரிய சொந்தமே உண்டு. எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுதப் புதுமைப்பித்தன் வந்தது இங்கேதான். காசநோய் முற்றிய காலம் அது. 1948-ல் திருவனந்தபுரத்தில் காலமானபோது அவருக்கு வயது 42. மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற நூலாக நம் கையில் இருக்கின்றன. கதைகளில் யாரையும் விட்டுவைக்காத மனிதர், காசுக் கவலையும் பாசமுமாக அதில் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அந்தக் காகிதங்களைக் கிழித்துப் போட்டிருந்தால் இந்தப் புதுமைப்பித்தனை நமக்குத் தெரிந்தே இருக்காது. எழுதியவருக்கு எவ்வளவு பெருமையோ அவ்வளவு பெருமை எடுத்து வைத்தவருக்கும்!

எடுத்து வைப்பதில் புணே கெட்டிக்கார ஊர். இங்குள்ள பேஷ்வா தஃப்தர் என்ற ஆவணக் காப்பகத்தில், மோடி என்ற பழைய மராட்டி எழுத்தில் உள்ள கோடிக்கணக்கான காகிதங்களை ‘ருமால்’ என்ற துணிக் கட்டுகளில் கட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து வரலாற்றாசிரியர் ஜி.எஸ். சர்தேசாய் 1930-களில் பதிப்பித்தது மட்டும் 45 தொகுதி! அதே மோடி எழுத்தில் மராட்டிய மன்னர்களின் காகிதங்கள் நம் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்திலும் இருக்கின்றன. நம் வீடுகளில் இந்த வேலையைச் செய்தது ஒரு கம்பி. கொக்கி வளைத்த கம்பியில் வந்த கடிதத்தையெல்லாம் தாத்தா குத்திக் குத்தி மாட்டி வைப்பாரே, அதுதான் குடும்பத்தின் தஃப்தர்.

இப்போதே எழுதுங்கள்!

டென்மார்க்கில் அரசுத் தபால் 1624-ல் தொடங்கியது. நானூறு ஆண்டு ஓடிய பிறகு 2025 முடிவோடு கடித விநியோகத்தை நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தபால் நிலையங்கள் இன்னும் திறந்திருக்கின்றன. ‘டாய் ஆகர்’ என்று 2017 முதல் தபால் துறையே கடிதப் போட்டி நடத்துகிறது. கையால் எழுதியதுதான் செல்லும், தமிழிலும் எழுதலாம், தேசிய அளவில் முதல் பரிசு 50,000 ரூபாய்!

பரிசை விடுங்கள். ஆச்சி இருக்கிறாள், சித்தப்பா இருக்கிறார், ஊரை விட்டுப் போன பழைய சிநேகிதன் இருக்கிறான். பெரிய விஷயம் எதுவும் வேண்டாம். இன்றைக்கு என்ன சமைத்தீர்கள், பக்கத்து வீட்டு மராத்தி அக்கா என்ன கொடுத்துவிட்டார், ஹடப்சரில் மழை எப்படி அடிக்கிறது என்று எழுதினால் போதும், கார்டு நிரம்பிவிடும். பின்கோடு ஆறு எண்ணையும் கட்டத்துக்குள் தெளிவாகப் போடுங்கள், உங்கள் முகவரியையும் மறக்காமல் எழுதுங்கள். பதில் வர வேண்டாமா!