டெல்லி கொடுத்த பணம்தானே... சட்டப்பேரவை ஏன் ஓகே சொல்லணும்?

2021 பிப்ரவரி 12. சாத்தூர் அருகே அச்சன்குளம் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிவகாசி வட்டாரத்தில் பலத்த தீக்காயம் என்றால் ஆம்புலன்ஸ் மதுரைக்குப் பறப்பதும் உண்டு. அப்படிப்பட்ட மாவட்டத்துக்கு, 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி பெரிய விஷயம்.

ஆனால், ‘மத்திய அரசு நிதி ஒதுக்கியாச்சு’ என்று செய்தி வந்த மறுநாளே மாநில அரசு செலவு செய்ய முடியாது. ஏன்?

யார் பங்கு எவ்வளவு?

2019-ல் அனுமதி கிடைத்தபோது ஒரு கல்லூரிக்கான மதிப்பீடு ரூ.325 கோடி. மத்திய அரசு ரூ.195 கோடி, மாநிலம் ரூ.130 கோடி. அதாவது 60:40.

பணம் எங்கே வரும்?

இதுபோன்ற திட்டங்களின் நிதி, மாநில அரசின் வரவுகள் சேரும் தொகுப்பு நிதியத்துக்குத்தான் வரும். அரசியல் சாசனத்தின் 266-வது பிரிவுப்படி, அதிலிருந்து சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. டெல்லி பணத்துக்கும் இதே விதிதான்.

யாரெல்லாம் ஒப்புதல் தரணும்?

முதலில் சட்டப்பேரவையில் மானியக் கோரிக்கை, பிறகு நிதி ஒதுக்கச் சட்டம். ஆண்டின் நடுவில் பணம் வந்தால் துணை மதிப்பீடு. அதன்பின் நிதித்துறை ஒப்புதல், அரசாணை. அதற்குப் பிறகுதான் கருவூலம் பணத்தை விடுவிக்கும்.

அடுத்த தவணை எப்போது?

2021 ஜூலையில் அமலுக்கு வந்த விதி, ஒரு திட்டத்துக்கு ஒரே வங்கிக் கணக்கு என்றது. அந்த விதிப்படி, மத்திய அரசு ஒரு தடவைக்கு 25 சதவீதத்துக்கு மேல் பொதுவாக விடுவிக்கவில்லை. மாநிலம் தன் பங்கைப் போட்டு, ஏற்கெனவே வந்ததில் 75 சதவீதத்தைச் செலவழித்துக் கணக்கு காட்டினால்தான் அடுத்தது வந்தது.

செலவு கூடினால்?

விருதுநகர் உட்பட 11 கல்லூரிகள் அன்று திறக்கப்பட்டன. முதல் மதிப்பீடு ரூ.3,575 கோடி, ஆன செலவு சுமார் ரூ.4,000 கோடி. மத்திய பங்கு சுமார் ரூ.2,145 கோடிதான். 195-ஐ 11-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே தொகை! கூடுதலான சுமார் ரூ.425 கோடி மாநிலத்தின் தலையில்.

அடுத்த முறை உங்கள் ஊருக்கு ‘இத்தனை கோடி’ என்று தலைப்புச் செய்தி பார்த்தால், இரண்டு கேள்வி கேளுங்கள்: மாநிலப் பங்கு போட்டாச்சா? அரசாணை வந்தாச்சா?