தண்ணீர் கழுவாத புகை

அக்பரின் அரசவைக்குப் புகையிலை வந்தபோது, புகையைத் தண்ணீருக்குள் செலுத்தி இழுத்தால் தீங்கு போய்விடும் என்று அவை மருத்துவர் ஹக்கீம் அபுல் ஃபத் கிலானி யோசனை சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, அதிலுள்ள நம்பிக்கைக்கு இன்றும் ஆயுள் குறையவில்லை. ஆப்பிள், புதினா மணக்கும் ஹூக்காவைச் சுற்றி உட்காரும் இளம்பெண்களில் சிகரெட்டைத் தொடாதவர்களும் இருக்கிறார்கள். ‘இது வடிகட்டி வருகிற புகைதானே’ என்பது அவர்கள் கணக்கு.

கணக்கு தப்பு. தண்ணீர் முக்கியமாகப் புகையின் சூட்டைத்தான் தணிக்கிறது. தொண்டை எரியாததால் நெஞ்சு நிறைய இழுக்க முடிகிறது. ஒரு சிகரெட்டில் 8 முதல் 12 இழுப்பு. ஹூக்காவில் 20 முதல் 80 நிமிடம் உட்கார்ந்தால் 50 முதல் 200 இழுப்பு வரை போகும். ஒரே அமர்வில் 100 சிகரெட்டுக்கோ அதற்கு மேலோ ஈடான புகை உள்ளே போகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-இலேயே எச்சரித்தது.

புகையிலை போதாதென்று மேலே கரி வேறு கனல்கிறது. ஹூக்காப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடில் சுமார் 90 சதவீதம் அந்தக் கரியிலிருந்தே வருகிறது என்று பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். புற்றுநோயைத் தூண்டும் ஹைட்ரோகார்பன்களிலும் பெரும்பங்கு கரியினுடையதே. ஆகவே ‘மூலிகை ஹூக்கா’ என்று விற்பதில் நிகோடின் இல்லாமல் போகலாம். மற்ற நச்சுகள் இருக்கும்.

இந்த நச்சுகள் நுரையீரலோடு நிற்பதில்லை. டி.என்.ஏ. இழையில் ஒட்டிக்கொண்டு, செல் பிரியும்போது குரோமோசோம் உடையவும் இடம் மாறவும் வழி செய்கின்றன. ஹரியானாவின் குருக்ஷேத்திரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இல் ஹூக்கா புகைப்பவர்களின் ரத்தத்தில் இத்தகைய சேதத்தைப் பதிவு செய்தார்கள். ஜோர்டானில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், குரோமோசோம் துண்டுகள் இடம் மாறிக்கொள்வது சிகரெட் புகைப்பவர்களைவிட ஹூக்கா புகைப்பவர்களிடம் கூடுதலாக இருந்தது.

பெண்களுக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. பெண் குழந்தை பிறக்கும்போதே சினைப்பையில் 10 முதல் 20 லட்சம் முட்டைகளோடு பிறக்கிறது. பிறகு புதிதாக எதுவும் சேராது, குறைந்துகொண்டேதான் வரும். புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் ‘பாக்ஸ்’ என்ற மரபணுவை முடுக்கிவிட்டு, முட்டைச் செல்கள் தாமே மடியும்படி செய்வதை 2001-இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஓரிரு ஆண்டு முன்னதாகவே நின்றுபோவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆனால் தாயின் ரத்தச் செல்லில் ஏற்படும் சேதம் பிள்ளைக்குப் போவதில்லை. முட்டையில் ஏற்படுவதைத்தான் அஞ்ச வேண்டும்.

சேதத்தை அளக்கும் சோதனைகளில் ஒன்று மிக எளிது. கன்னத்தின் உட்புறத்தை மரக்குச்சியால் வழித்து, கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் உடைந்த குரோமோசோம் துணுக்குகள் குட்டி உட்கருக்களாகத் தெரியும். எகிப்தில் ஹூக்கா புகைப்பவர்களை இப்படித்தான் சோதித்தார்கள். புதுச்சேரி கதிர்காமத்தில் இருக்கும் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் செய்ய முடியாத சோதனை அல்ல இது.

ஹூக்கா கூடங்களுக்குத் தடை விதித்துத் தமிழ்நாடு சட்டமன்றம் 2022 அக்டோபரில் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை. மாநில எல்லையைத் தாண்டி, யூனியன் பிரதேசமான புதுச்சேரிக்கு அது செல்லாது. ஆனால் 2003-ஆம் ஆண்டின் மத்தியப் புகையிலைச் சட்டம் புதுச்சேரியிலும் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. உணவகத்தின் புகைபிடிக்கும் அறைக்குள் எதையும் பரிமாறக் கூடாது என்று 2017-இல் விதியும் திருத்தப்பட்டது.

விட்டுவிட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் இருக்கிறது. கன்னத்தின் உட்தோல் சில வாரங்களில் புதிதாகிவிடும் என்பதால், புகை நின்றால் அங்கே சேதமுற்ற செல்களுக்குப் பதில் புதியவை வந்துவிடும். சினைப்பைக்கு அந்த வசதி கிடையாது என்பதால், கருத்தரிக்க எண்ணும் பெண்களிடம் முன்கூட்டியே நிறுத்திவிடும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள்.