நாய்க்குட்டி அசிங்கம் பண்ணுதா? கையை ஓங்காதீங்க!

"அம்மா... ப்ளீஸ்மா! வெச்சுக்கலாம்மா! எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்மா!"

ஸ்கூல் விட்டு வந்த பையனின் கையில், தெருமுனையில் கண்டெடுத்த ஒரு பழுப்பு நிற உருண்டை. பிறந்து ஒரு மாதம் இருந்தால் அதிகம். நீங்களும் மனசு இளகி, 'சரி' என்று தலையாட்டிவிடுகிறீர்கள்.

முதல் நாள் ஒரே கொஞ்சல். இரண்டாம் நாள் ஹாலில் நாலு இடத்தில் குளம். மூன்றாம் நாள் கால்மிதி, சோபா ஓரம், மாமியாரின் பாய்... நாலாம் நாள் பூஜை அறை வாசல்! 'நானே பாத்துக்கறேன்' என்று சத்தியம் செய்த பையன், ஹோம்ஒர்க் இருக்கிறது என்று நழுவிவிட்டான். துடைப்பதும் நீங்கள், பேச்சு வாங்குவதும் நீங்கள். பேப்பரைச் சுருட்டி குட்டியின் முதுகில் ரெண்டு போடலாமா என்று கை துறுதுறுக்கும்.

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் குட்டிக்கு இது தப்பு என்றே தெரியாது. தெரிந்தாலும் அடக்கிக்கொள்ளும் சக்தி அந்த உடம்புக்கு இன்னும் வரவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டிய அம்மா பாதிப் பாடத்தில் பிரிந்துவிட்டாள். மிச்சத்தை நீங்கள்தான் எடுத்தாக வேண்டும்.

தாய் நாய் என்ன செய்யும்?

பிறந்த குட்டிக்குத் தானாக மூச்சா போகவோ, ஆய் போகவோ தெரியாது. ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் தாய் அதன் அடிவயிற்றை நாக்கால் நக்கிவிடும். அந்தத் தூண்டுதலில்தான் எல்லாம் வெளியேறும். வந்ததையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். படுக்கிற இடம் எப்போதும் காய்ந்தே இருக்கும்.

மூன்று வாரம் ஆனதும் குட்டி தள்ளாடித் தள்ளாடி நடக்கும். படுக்கையை விட்டு நாலடி தள்ளிப் போய் இருந்துவிட்டு வரும். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டு, ஒன்பதாவது வாரத்துக்குள் இன்னொரு விஷயம் அதன் மனசில் பதியும். காலுக்குக் கீழே எது தட்டுப்பட்டால் அது 'போகிற இடம்' என்பதுதான் அது. மணலா, புல்லா, சிமென்ட்டா... எதில் அடிக்கடி போகிறதோ, அதையே பிறகும் தேடும். இந்த வாரங்களில் அது உங்கள் கால்மிதியில் போய்ப் பழகிவிட்டால், பெரிய நாயான பிறகும் மெத்தென்ற துணியைக் கண்டால் அதே ஞாபகம்தான் வரும்!

முதலில் ஒரு கேள்வி...

அம்மா நாய் எங்கே என்று தேடிப் பார்த்தீர்களா? தெருவில் குட்டி தனியாகக் கிடந்தால் அநாதை என்று அர்த்தமில்லை. தாய் இரை தேடிப் போயிருக்கலாம். தூர நின்று சில மணி நேரம் கவனியுங்கள். 'மனுஷன் கை பட்டா தாய் சேர்க்காது' என்பதெல்லாம் வெறும் பேச்சு. திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்து அதே குட்டியை வீட்டுக்கு அழைத்து வந்தால் உங்கள் வேலையில் பாதி குறைந்துவிடும்.

காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கும் இதே விஷயம்தான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று மத்திய அரசின் 2017-ம் வருட விதிகளே சொல்கின்றன. 'சின்னதா இருக்கும்போதே கொண்டுபோனாத்தான் ஒட்டும் சார்' என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். குட்டியின் வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்கு பால் பற்கள் பெரும்பாலும் எல்லாமே வந்திருக்கும்.

கடிகாரம்தான் குரு!

தாய் கிடைக்கவில்லை, குட்டி உங்களிடம்தான் என்று ஆகிவிட்டதா? சரி, புடவையை இழுத்துச் செருகுங்கள்!

மூன்று வாரத்துக்கும் சின்னது என்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் அடிவயிற்றையும் பின்பக்கத்தையும் மெதுவாகத் தடவிவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் குட்டியின் உயிருக்கே ஆபத்து.

அதற்கு மேற்பட்ட குட்டிக்குக் கணக்கு ரொம்ப சுலபம். தூங்கி எழுந்ததும் ஒரு தடவை, சாப்பிட்ட ஐந்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் ஒரு தடவை, விளையாடி முடித்ததும் ஒரு தடவை. நடுவில் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் மணிக்கொரு தரம். கண்டிப்பாகத் தூக்கிக்கொண்டு போங்கள். நடத்திக் கூட்டிப்போனால் வழியிலேயே முடித்துவிடும்! இரண்டு மாதக் குட்டியால்கூடப் பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. அம்மா, அப்பா இருவருமே வேலைக்குப் போய்விடுகிற வீட்டில், பகலில் ஆளில்லாமல் இந்த வயதுக் குட்டியை வளர்ப்பது நடக்காத காரியம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை அதுதான்.

ராத்திரி? உங்கள் கட்டில் பக்கத்திலேயே ஒரு அட்டைப்பெட்டியில் படுக்க வையுங்கள். கொல்லைப்புறத்தில் தனியாகப் போட்டால் குளிரும், பயமும் சேர்ந்து இரவெல்லாம் கத்தும். பக்கத்தில் இருந்தால் அது முனகி நெளியும்போதே உங்களுக்குத் தெரியும். படுக்கிற இடத்தை நனைக்கக்கூடாது என்ற எண்ணம் அதற்கு இயற்கையிலேயே உண்டு. அந்த முனகல்தான் சிக்னல். ஆரம்பத்தில் ராத்திரிக்கு ரெண்டு, மூணு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கும். கைக்குழந்தை வளர்த்தவர்களுக்கு இது புதிதா என்ன!

தெருவுக்குக் கொண்டுபோகலாமா?

கூடாது. இங்கேதான் நிறைய பேர் குட்டியைப் பறிகொடுக்கிறார்கள். பார்வோ என்ற வைரஸ், நோயுள்ள நாயின் மலத்தில் இருக்கும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இதற்கான தடுப்பூசியை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஆரம்பித்து, சில வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடுவார்கள். அது முடியும்வரை வேறு நாய்கள் நடமாடும் இடத்தில் குட்டியைத் தரையில் இறக்காதீர்கள். ரத்தம் கலந்த பேதி, வாந்தி என்றால் கைவைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

அப்படியானால் எங்கே விடுவது? தனி வீடு என்றால் காம்பவுண்டுக்குள் வேறு நாய் வராத ஒரு மூலை. ஃப்ளாட் என்றால் பால்கனியில் ஒரு அகலமான தட்டில் சுத்தமான மணல். பழைய பேப்பரும் விரிக்கலாம். ஆனால் பேப்பரில் பழகிய குட்டிக்கு, காலையில் வாசலில் வந்து விழுகிற பேப்பருக்கும் பழைய பேப்பருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்பா முந்துகிறாரா, குட்டி முந்துகிறதா என்று தினம் ஒரு போட்டி நடக்கும்! அதனால் மணல்தான் நல்லது. பின்னால் வெளியே மண்ணில் போகவும் சுலபமாகப் பழகும்.

சரியான இடத்தில் போனதும், போன அந்த நிமிஷமே, 'சமத்து!' என்று தடவிக்கொடுங்கள். உள்ளே வந்த பிறகு கொடுக்கிற பிஸ்கட், உள்ளே வந்ததற்குக் கிடைத்த பரிசு என்றுதான் அதற்குப் புரியும்.

மூக்கைத் தேய்ப்பது... ஐயோ, வேண்டாமே!

போன இடத்தில் கொண்டுபோய் மூக்கைத் தேய்த்தால் புத்தி வரும் என்பார்கள். வராது! எப்போதோ போனதற்கு இப்போது கிடைக்கிற அடியை அது முடிச்சுப் போட்டுப் பார்க்காது. 'இந்த அம்மா எதிரில் போனால் அடி விழும்' என்பது மட்டும்தான் பதியும். பிறகு நீங்கள் எத்தனை நேரம் மணல் தட்டு அருகே நின்றாலும் போகாது. திரும்பியதும் கட்டிலுக்கு அடியில் போய் முடித்துவிட்டு வரும். உங்களைக் கண்டதும் குனிந்து சொட்டுச் சொட்டாக விடுகிற குட்டி பயத்தில் விடுகிறது. திட்டினால் இன்னும் அதிகமாகும்.

நடுவில் பார்த்துவிட்டீர்களா? சத்தம் போடாமல் அப்படியே தூக்கிப் போய் மணலில் விடுங்கள். அவ்வளவுதான். துடைக்கும்போது வெறும் ஃபினாயில் போதாது. நமக்கு வாசனை போய்விடும், அதன் மூக்குக்குப் போகாது. தரையை நக்குகிற குட்டிக்கு ஃபினாயில் ஆபத்தும்கூட. சோப்புத் தண்ணீரால் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள்.

வயிறும் பூச்சியும்

பேதியாகிற குட்டிக்கு எந்தப் பழக்கமும் ஏறாது. பேதிக்கு முக்கியக் காரணம், பாசத்தோடு நீங்கள் ஊற்றுகிற மாட்டுப்பால்! நாய்ப் பாலில் புரதமும் கொழுப்பும் மாட்டுப்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல். மாட்டுப்பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரையோ குட்டிக்கு அதிகம். குட்டிகளுக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது. நாலு வாரத்துக்கு மேல் குட்டிகளுக்கான தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்துக் கொடுக்கலாம். வேளை தவறாமல் கொடுத்தால் வெளியே போவதும் வேளைக்கு நடக்கும்.

தாயிடமிருந்தே உருண்டைப் புழு குட்டிக்கு வந்துவிடும். குட்டி பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து தேவை. அளவை எடை பார்த்து கால்நடை டாக்டர்தான் சொல்ல வேண்டும். குழந்தைக்கு வாங்கியதில் மிச்சம் இருந்ததை ஊற்றாதீர்கள். இந்தப் புழுவின் முட்டை உங்கள் குழந்தைகளின் வயிற்றுக்குள்ளும் போகலாம், கண்ணைக்கூடப் பாதிக்கலாம். மலத்தோடு வெளியேறிய முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும். அதனால் அன்றன்று மலத்தை அள்ளிவிட்டு, மணலை அடிக்கடி மாற்றினாலே பெரும்பகுதி ஆபத்து நீங்கிவிடும். குட்டியைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவாமல் தட்டில் கை வைக்க விடாதீர்கள்.

குட்டிதானே கடிச்சுது!

கூடப்பிறந்ததைக் கடித்து, அது 'வீல்' என்று கத்தி விளையாட்டை நிறுத்தும்போதுதான் 'இவ்வளவு அழுத்திக் கடிக்கக்கூடாது' என்று குட்டி கற்றுக்கொள்ளும். சீக்கிரம் பிரிந்த குட்டிக்கு இந்தப் பாடமும் கிடைக்காது. அதனால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையைத்தான் பதம் பார்க்கும்.

'குட்டிக்கு வெறி நோய் வராது' என்ற நம்பிக்கை ரொம்பத் தப்பு. வரும். ரேபிஸ் தடுப்பூசியை குட்டிக்கு மூன்று மாதத்தில்தான் போடுவார்கள். அதற்கு முன் தெருக்குட்டியின் பல்லோ நகமோ பட்டுக் கீறினால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போட்ட காலமெல்லாம் போய்விட்டது. இப்போது கையில் நாலைந்து தவணைதான். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள்.

எப்போது பழகும்?

பொறுமையாகச் செய்தால் நாலிலிருந்து ஆறு மாத வயதுக்குள் பெரும்பாலான குட்டிகள் பழகிவிடும். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று பழையபடி வீட்டுக்குள் போக ஆரம்பித்தாலோ, நிமிஷத்துக்கு ஒரு தரம் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போனாலோ சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். காலையில் முதல் மூச்சாவை ஒரு சுத்தமான சின்ன பாட்டிலில் பிடித்து, குட்டியோடு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.