ஒருதலை ஒப்பந்தம்

விமானமோட்டிகளின் சம்பளத் தகராறு என்றால் நம் நாட்டில் அனுதாபங் காட்டுவோர் சிலரே. மாதம் லக்ஷக்கணக்கில் பெறுவோருக்கு என்ன குறை என்பது பொதுவான அபிப்பிராயம். நம் வாசகர்களிலும் அவ்வாறு எண்ணுவோர் இருக்கக்கூடும். தொகையைப்பற்றி அவர்களோடு நாம் வழக்காடப் போவதில்லை. சம்பளம் சிறிதோ பெரிதோ, ஒப்பந்தம் இரு தரப்பாரையும் ஒரே விதமாகக் கட்டுகிறதா என்பதே நம் கேள்வி.

2017-ஆம் ஆண்டில் சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் ஒரு விதி செய்தார். கமாண்டர் பதவியிலுள்ள விமானமோட்டி வேலையினின்று விலக ஓராண்டு முன்னதாகவும், துணை விமானமோட்டி ஆறு மாதம் முன்னதாகவும் அறிவிக்க வேண்டுமென்பது அவ்விதி. பயிற்சி பெற்றவர்கள் திடீரென்று விலகினால் பிரயாணிகள் அவதியுறுவர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். இதில் நியாயமே இல்லையென்று சொல்லோம். 2023-இல் ஆகாசா கம்பெனியிலிருந்து 43 விமானமோட்டிகள் அறிவிப்புக் காலத்தைக் கழிக்காமல் சென்றபொழுது, நூற்றுக்கணக்கான பிரயாணங்கள் ரத்தாயின. அவர்களிற் சிலர்மீது கம்பெனி பம்பாய் ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தது.

ஆனால் முதலாளி விலகும்பொழுது நிகழ்வது என்ன? 1993-இல் பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ் கம்பெனியிடம் 2018-இன் இறுதியில் ஏறக்குறைய 120 விமானங்கள் இருந்தன. பெரும்பாலானவை குத்தகைக்கு எடுத்தவை. குத்தகைப் பணம் பாக்கிப்படவே, உடையவர்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் தரையில் நிறுத்தினர். 2019 ஏப்ரல் நடுவில் பறந்தவை பத்துக்கும் குறைவு. 17-ஆம் தேதி இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்கு வந்த விமானத்தோடு எல்லாம் நின்றது. விமானமோட்டிகளுக்கோ ஜனவரி முதற்கொண்டே சம்பளமில்லை. அவர்களுக்கும், அவர்களைவிடக் குறைந்த சம்பளத்தில் உழைத்த பல்லாயிரம் சிப்பந்திகளுக்கும் ஓராண்டு வேண்டாம், ஒரு மாத அறிவிப்பேனும் கொடுத்தவர் யார்?

விமானங்கள் குறைவதில் வெளியாருக்குத் தெரியாத சூக்ஷ்மமொன்றும் உண்டு. விமானமோட்டியின் வருமானத்தில் ஒரு பங்கு அவர் பறக்கும் மணிக்கணக்கைச் சார்ந்தது. ஆகவே ஒப்பந்தத்தில் ஓரெழுத்தும் மாறாமலே ஊதியம் சுருங்கிவிடும். ஜெட்டிலிருந்து வேறு கம்பெனிகளுக்குப் போனவர்களில் பலர் முன்னிலும் குறைந்த சம்பளத்தையே ஏற்றனர். ஸ்பைஸ்ஜெட் கம்பெனி ஜெட்டின் விமானமோட்டிகளையும் எடுத்துக்கொண்டது, ஜெட் ஓட்டிய போயிங் விமானங்களையும் எடுத்துக்கொண்டது. விமானத்தின் வர்ணம் மட்டும் மாறிற்று.

குத்தகைக்கு விட்டவர்களின் கதி வேறு. 2001-இல் கேப்டவுன் நகரில் செய்யப்பட்ட சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 2008-இல் சேர்ந்தது. அதையொட்டி எழுந்த விதிப்படி, உரிய அதிகாரப் பத்திரம் உடையவர் கேட்டால் ஐந்து வேலை நாட்களுக்குள் விமானம் இந்தியப் பதிவினின்று நீக்கப்படும். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் கம்பெனி நின்றபொழுது, திவால் சட்டத்தின் தடையால் அவர்களுக்கு இவ்வுரிமை கிட்டவில்லை. உடனே சர்க்கார் அவ்வாண்டு அக்டோபரிலேயே விமானங்களுக்கு அத்தடையினின்று விலக்களித்தனர். அடுத்த ஏப்ரலில் டில்லி ஹைகோர்ட்டு 54 விமானங்களை விடுவித்தது. 2025-இல் இதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. ஜெட் சிப்பந்திகளோ பிராவிடண்டு பண்டு, கிராஜுவிடி பாக்கிக்காகக் கோர்ட்டேறினர். 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் பக்கம் நின்றது. கம்பெனியை ஏற்க வந்தவர்கள் பணம் கட்டி முடிக்கவில்லை. 2024 நவம்பர் 7-இல் அதைக் கலைத்துவிடும்படி அதே கோர்ட்டு உத்தரவிட்டது. இயந்திரத்துக்கு ஐந்து நாள். அதை ஓட்டியவனுக்கு ஐந்தாண்டுக்குப் பின்னும் கைக்கு எட்டாத பாக்கி!

2017-ஆம் ஆண்டு விதியில் ஒரு வாயில் இருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டோம். அறிவிப்புக் காலத்தில் கம்பெனி தன்னிஷ்டப்படி சம்பளத்தைக் குறைத்தால், விமானமோட்டி முன்னதாகவே விடுதலை கோரி மனுச் செய்யலாம். ஆனால் அதிகாரிகள் திருப்தியுறும்படி நிரூபிக்க வேண்டியவரும் அவரே. இப்பாரத்தைக் கம்பெனியின்மீது மாற்ற வேண்டுமென்கிறோம். சம்பளத் தேதி கடந்து முப்பது நாளாகியும் பணம் கொடுத்ததாகக் கம்பெனி கணக்குக் காட்டாவிட்டால், மனு எதுவுமின்றியே அறிவிப்புக் காலம் ஒழிந்ததாகக் கருதப்படும் என்ற ஷரத்தை டைரக்டர் ஜெனரல் அவ்விதியில் சேர்க்க வேண்டும். மற்றொரு கம்பெனி விழும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.