பழைய சொகுசுக் கார்: வாங்கும் விலையோடு கணக்கு முடிவதில்லை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும் வரை, பழைய வாகனங்களின் விலை ஏறியதை நாமறிவோம். அதிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் இலாபம் என்று எண்ணும் வியாபாரிகளும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது: முதலில் செலவைப் பாருங்கள்.

1982 முதல் 1991 வரை வந்த போர்ஷே 944ஐ எடுத்துக்கொள்வோம். அதன் டைமிங் பெல்ட் இறப்பரால் ஆனது. குறைவாக ஓடியிருந்தாலும் வயதாலேயே அது கெடும். ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே பாழாகும். பிரேக் எண்ணெயும் ஈரத்தை உறிஞ்சும். மடுல்கெல்லவிலிருந்து பன்வில வழியாக வத்தேகமவுக்கு இறங்கும்போது அது சூடேறிக் கொதித்தால் பிரேக் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கொரு தடவை மாற்றுவது உயிர்ப் பாதுகாப்பு.

ஜப்பான் காருக்குப் பஞ்சிகாவத்தையில் பாகம் தேடலாம். இதற்குப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதை மறக்கலாமா? ஆகவே கடையின் முதலில் கைவைத்து இதை வாங்காதீர்கள்.

சொந்தப் பாவனைக் காருக்கு ஸகாத் இல்லை. விற்கும் நோக்கில் வாங்கினால் அது வியாபாரப் பொருள். வருடம் பூர்த்தியானதும் சந்தை விலையில் இரண்டரை வீதம் கடமை. விற்கும்போது குறையை மறைக்காமல் சொல்வதும் கடமையே. பெல்ட் மாற்றிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் சொல்லுக்கு அதுவே சாட்சி. பரக்கத் நேர்மையில்தான் இருக்கிறது.